கன்டினியூட்டி நோட்டு

காட்சி நாற்பத்திரண்டு. வெளி. பகல்.
தேசப்பன் ஐஸ் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக்
கதவை மூன்று தரம் தட்டுகிறான்.
சட்டையின் இடது கை முழங்கைவரை நனைந்திருக்கிறது.
மேல் பட்டன் இல்லை, போன வாரமே இல்லை.
மூன்று நாள் தாடி.
கதவு திறக்கிறது.
கட்.

காட்சி நாற்பத்து மூன்று. உள். பகல்.
அதற்குக் கீழே நோட்டில்
நான் போட்ட கோடு மட்டும்.

தடைக்காலத்தில் எடுத்துவிடலாம் என்றது எபினேசர்தான்.
அறுபத்தொரு நாள் காசிமேட்டில்
போட்டெல்லாம் சும்மா நிற்கும், ஆளும் சும்மா.
கிரேன் எதற்கு, வீல் ஹவுஸ் கூரைமேல் ஏறினால்
டாப் ஆங்கிள்.
நல்ல கணக்கு.
பணம் போட்டவர் ஐஸ் கம்பெனி கன்னியப்பன் என்பதும்
மீன் வராத மாதத்தில் ஐஸை எவன் வாங்குவான் என்பதும்
பத்தொன்பதாம் நாள் மத்தியானம்தான் உறைத்தது.

அன்றைக்குத் தக்காளி சாதம். முட்டை இல்லை.
லைட் வேன்காரர் ஜெனரேட்டரை அணைத்தார்,
யார் முகத்தையும் பார்க்காமல் ஒயரைச் சுருட்டினார்.
சிமெண்டுத் தரையில் ஒயர் இழுபடும் சத்தத்தை
சவுண்டுப் பையன் பதிந்து வைத்துக்கொண்டான்.
"இருக்கட்டும் சார், எங்கனாச்சும் யூஸாவும்."

தடை முடிந்த விடியலில்
எங்கள் பின்னணி மொத்தமும் கடலுக்குப் போயிற்று.
தேசப்பன் முதுகுக்குப் பின்னால் தெரிகிற நீலப் போட்டு
அடுத்த வருடம் வேறு பெயரில், வேறு நிறத்தில் வந்தது.
அதற்கடுத்த வருடம் வரவில்லை.
ஹவுசிங் போர்டு பிளாக்கை இடித்தபோது
எபினேசர் ஓடிப்போய்
கதவை மட்டும் அறுநூறு ரூபாய்க்கு வாங்கி வந்தான்.
கொருக்குப்பேட்டையில் அவன் வீட்டுச் சுவரில்
எதற்குள்ளும் திறக்காமல் சாய்ந்து நிற்கிறது.
ஜெபமணி அதில் துண்டு காயப்போடுகிறாள்.
படத்தைப் பற்றி அவள் சொன்னது அவ்வளவுதான்.

ஒருமுறை ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு
தண்டையார்பேட்டை அடகுக் கடைக்கும் போனான்.
கல்லாவில் இருந்த பையன் சிரிக்கவில்லை,
தராசில்கூட வைத்துப் பார்த்தான்.
"இதுக்குள்ள இன்னா சார் கீது?"
"பத்தொம்பது நாளு."

லூர்துவைச் சொல்ல மறந்துவிட்டேன்.
எண்ணூரிலிருந்து பஸ் ஏறி, மேக்கப்போடு
பத்து நாள் வந்து உட்கார்ந்திருந்தாள்,
நாற்பத்து மூன்றில் அவளுக்கு நாலு பக்கம் வசனம்.
எடுத்ததில் ஒரு ஷாட்டிலும் அவள் இல்லை.
ஆனால் அன்றைக்கு உள்ளே இருந்து
தாழ்ப்பாளை இழுத்தது அவள் விரல்கள்தான்.
போன மாதம் போன் பண்ணினாள்.
"பொண்ணு நம்ப மாட்டேங்குது. எதுனா ஒண்ணு அனுப்பேன்."
அனுப்பினேன்:
கதவு நகர்கிறது, ஏழு செகண்ட்.
பதிலுக்கு ஒரு இதயம் வந்தது.
பொண்ணு போட்டதா, அவள் போட்டதா தெரியவில்லை.

நேற்று மணலி ரோட்டில் மழை.
கன்டெய்னர் வண்டிகள் அரை மணியாக அசையவில்லை.
டீக்கடை ஓரம் ஒரு டிரெய்லரிலிருந்து
தேசப்பன் குதித்து இறங்கினான்.
தாடி இன்னும் இருக்கிறது, பாதி வெள்ளை.
"இன்னாக்கா, அடுத்த சீன் முடியற வரிக்கும்
ஷேவ் பண்ணாதனியே,
இப்பனா எடுத்துறவா?"
சிரித்தேன். அவனும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.
கிளாஸை வாங்க நீட்டிய கை
முழங்கைவரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது,
ஜன்னலுக்கு வெளியே வைத்து ஓட்டிய
வலது கை.
தப்பு என்று நாக்குவரை வந்துவிட்டது.

டீக்கு அவன்தான் காசு கொடுத்தான்.